ஒரே சட்டிக் குழம்பு, ஒருவருக்கு மட்டும் ஏன்?

ஞாயிற்றுக்கிழமை. லயத்தில் ஒரு வீட்டில் கோழிக் குழம்பு என்று வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, பாட்டி, மூன்று பிள்ளைகள், ஆக ஆறு பேர். எல்லாரும் ஒரே சட்டியிலிருந்துதான் சாப்பிட்டார்கள். மறுநாள் விடியுமுன்பே பாட்டிக்கு வாந்தி, பேதி, காய்ச்சல். நடுப் பிள்ளைக்கு லேசாக வயிற்றைப் பிசைகிறது. மற்ற நால்வருக்கும் ஒன்றுமில்லை. அவர்கள் எழுந்து வழக்கம்போல வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்பிவிட்டார்கள். கிளினிக்கில் டாக்டர் கேட்கிறார்: "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?" வீட்டார் சொல்கிறார்கள்: "கோழிக் குழம்புதான் டாக்டர். ஆனால் சாப்பாட்டில் ஒரு கோளாறும் இல்லை. நாங்கள் எல்லாரும் அதைத்தானே சாப்பிட்டோம்!"

இந்தப் பதிலை நாம் எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறோம். கேட்க நியாயமாகவே தோன்றுகிறது. சாப்பாட்டில் தவறில்லை என்றதும் பழி வேறெங்கோ போகிறது. "பாட்டிக்கு வயதாகிவிட்டது", "உடம்புச் சூடு", "யாரோ கண் வைத்துவிட்டார்கள்" என்று பேச்சு நீள்கிறது. மிச்சக் குழம்போ அன்று மாலையும் சூடு காட்டப்பட்டு மேசைக்கு வருகிறது. ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. நால்வர் சாப்பிட்டு நன்றாக இருப்பது, அந்த உணவு நல்ல உணவு என்பதற்குச் சான்று ஆகாது. நச்சுணவு ஒருவரைப் படுக்கையில் தள்ளுவதற்கு இரண்டு விஷயங்கள் கூட வேண்டும். ஒன்று, உணவில் கிருமி எவ்வளவு பெருகியிருக்கிறது என்பது. மற்றொன்று, அதை உண்பவர் யார் என்பது.

முதலில் கிருமியின் கணக்கைப் பார்ப்போம். கோழி, முட்டை, இறைச்சி ஆகியவற்றோடு வருகிற சால்மொனெல்லா என்னும் பாக்டீரியாவை எடுத்துக்கொள்ளலாம். நம் நாட்டு வெப்பத்தில், தகுந்த உணவும் ஈரமும் கிடைத்தால், ஏறக்குறைய 20 நிமிடங்களுக்கு ஒருமுறை ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். பெருகத் தொடங்கிய ஒரே ஒரு கிருமி, 3 மணி நேரத்தில் 512 ஆகும். அது ஒன்றும் பெரிய எண்ணிக்கை இல்லை. ஆனால் 7 மணி நேரத்தில் அதுவே 20 இலட்சத்தைத் தாண்டிவிடும். இத்தனை பெருகியும் குழம்பின் நிறம் மாறாது, மணம் மாறாது, ருசியும் மாறாது. உணவைப் புளிக்கவும் நாறவும் வைக்கும் கிருமிகள் வேறு. நம்மை மருத்துவமனைக்கு அனுப்பும் கிருமிகள் வேறு. நம் தாய்மார்கள் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து "கெட்டுப்போகவில்லை" என்று தீர்ப்புச் சொல்வது காலங்காலமான பழக்கம். மூக்கு நல்ல காவலாளிதான். ஆனால் இந்தத் திருடனை அதற்கு அடையாளம் தெரியாது.

தோட்டத்து வாழ்க்கையில் இந்தக் கணக்கு ஏன் முக்கியம்? நம் வேலை நேரத்தை நினைத்துப் பாருங்கள். விடியற்காலை 4 மணிக்கு எழுந்து சோறும் குழம்பும் ஆக்கி, தூக்குச் சட்டியில் சூடாகப் போட்டு இறுக மூடிக்கொண்டு பெரட்டுக்கு ஓடுகிறோம். மரம் சீவுகிறவரானாலும் செம்பனைக் குலை அறுக்கிறவரானாலும் சாப்பிட உட்காரும்போது மணி 10, 11 ஆகிவிடும். சில நாள் வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் மூடியே திறக்கப்படும். 6, 7 மணி நேரம் அந்தச் சோறு கொதிசூட்டிலும் இல்லை, குளிரிலும் இல்லை. பாக்டீரியா வேகமாகப் பெருகுவது 5 பாகைக்கு மேலும் 60 பாகைக்குக் கீழும் உள்ள வெப்பத்தில்தான். மூடிய சட்டிக்குள் இருக்கும் இளஞ்சூடு இந்த எல்லைக்குள் நெடுநேரம் நிற்கும்.

"ஆக்கும்போதே கிருமியெல்லாம் செத்திருக்குமே?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. பெரும்பாலானவை செத்துவிடும். ஆனால் அரிசியோடு வருகிற பாசில்லஸ் சீரியஸ் என்னும் ஒரு கிருமி விதை போன்ற உறையை உண்டாக்கிக்கொண்டு கொதிநீரிலும் தப்பிப் பிழைக்கும். சோறு மெல்ல ஆறும்போது அந்த விதை முளைக்கும், பெருகும், ஒரு நஞ்சையும் உண்டாக்கும். சாப்பிட்ட 1 மணி முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி வரச் செய்வது அந்த நஞ்சுதான். மறுபடியும் கிளறிச் சூடாக்கினால் கிருமி சாகும், நஞ்சு சாகாது. வெந்த சோற்றைத் திரும்ப வேகவைத்தாலும் அது போகாது. ஆகவே "சூடு காட்டிவிட்டோம், இனிப் பயமில்லை" என்பது எல்லா நேரத்திலும் பொருந்தாது. முந்தின நாள் நெடுநேரம் வெளியே கிடந்த சோற்றில் காலையில் பிரட்டிய நாசி கோரேங்குக்கும் இது பொருந்தும்.

பழைய சோற்றைப் பழிக்க நாம் வரவில்லை. சுத்தமான தண்ணீர் ஊற்றி ஊறவைத்த சோறு நன்றாகப் புளித்தால், அந்தப் புளிப்பே பல கிருமிகளை வளரவிடாமல் அடக்கும். ஆனால் எல்லா இரவும் ஒரே மாதிரி புளிப்பதில்லை. கைக்குழந்தைக்கும் நோயாளிக்கும் அதைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

அப்படியானால் வேலைக்காட்டுக்கு என்னதான் கொண்டுபோவது? சூட்டைக் காக்கும் பாத்திரம் வாங்க முடிந்தால், அதில் முதலில் கொதிநீர் ஊற்றிச் சூடேற்றிக் கொட்டிவிட்டு, பிறகு கொதிக்கக் கொதிக்கச் சோற்றைப் போடலாம். அது முடியாதவர்கள் காலையில் ஆக்கிய சோற்றைக் கூடியமட்டும் சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு, பிந்திய பசிக்கு ரொட்டி, பிஸ்கட், வாழைப்பழம், தோல் உரிக்காத அவித்த முட்டை ஆகியவற்றை வைத்துக்கொள்ளலாம். தேங்காய்ப்பால் ஊற்றிய குழம்பைவிட, புளி கூட்டி நன்றாகச் சுண்ட வதக்கிய நெத்திலிச் சம்பால் நெடுநேரம் தாங்கும். ஒரு போத்தல் தண்ணீரும் ஒரு துண்டுச் சவர்க்காரமும் பையில் இருக்கட்டும். குடிக்கிற தண்ணீரைக் கையலம்பச் செலவழிக்க மனம் வராது. அதனால்தான் தனிப் போத்தல் என்கிறோம்.

சட்டி பெரிதாக ஆக ஆபத்தும் பெரிதாகிறது. முனியாண்டி பூசைக்கு ஆட்டுக்கறியை இரவிலேயே பெரிய அண்டாவில் ஆக்கி மூடிவைத்து மறுநாள் நண்பகலில் பரிமாறுவது உண்டு. அண்டாவின் மேற்புறம் ஆறினாலும் நடுப்பகுதி பல மணி நேரம் இளஞ்சூட்டிலேயே இருக்கும். கிளாஸ்டிரிடியம் என்னும் வகையைச் சேர்ந்த ஒரு கிருமிக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. அதன் விதையும் கொதியில் சாகாது. 43 முதல் 47 பாகைச் சூட்டில் அது 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் வேகம் உடையது. விருந்து முடிந்து 8 முதல் 16 மணி நேரத்தில் ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்கு ஓடும். அதிகாலையில் சமையலைத் தொடங்கி, அடுப்பைவிட்டு இறக்கிய சூட்டோடு பந்தி போடுவது ஒன்றே இதற்கு வழி. முதல் நாளே ஆக்கித்தான் தீர வேண்டுமென்றால், ஆழமில்லாத தட்டுகளில் பிரித்துப் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்துக் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். மறுநாள் கொதிக்கவிட்டுப் பரிமாற வேண்டும். அண்டாவை அப்படியே குளிர்ப்பெட்டிக்குள் தள்ளினால், பெட்டிதான் சூடேறும்.

இது கற்பனைப் பயம் அல்ல. 2013 ஆம் ஆண்டில் கெடா மாநிலத்தில் ஒரு திருமண விருந்தில் கோழிக்கறி சாப்பிட்டவர்களில் நால்வர் உயிரிழந்தார்கள். அந்தக் கோழியில் சால்மொனெல்லா இருந்தது. அதே கோழியை உண்ட வேறு பலர் சில நாள் அவதிப்பட்டு எழுந்துவிட்டார்கள். அதற்கு முன் 2009 ஆம் ஆண்டு ஏப்ரலில், சிங்கப்பூர் கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையில் விற்ற ரொஜாக்கைச் சாப்பிட்ட 150க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். இரண்டு பெண்கள் இறந்துபோனார்கள். கடல் உணவில் வாழும் விப்ரியோ என்னும் பாக்டீரியாதான் அங்கே காரணம். பச்சைக் கடல் உணவிலிருந்து ரொஜாக்குக்குக் கிருமி தாவியிருக்கக்கூடும் என்று சுகாதார அமைச்சு தெரிவித்தது.

இந்தத் தாவல் நம் வீட்டுக் குசினியிலும் நடக்கிறது. ஒரே பலகை, ஒரே கத்தி. கோழியை வெட்டிவிட்டு, பலகையைத் தண்ணீரில் அலசிவிட்டு, வெள்ளரிக்காயை நறுக்குகிறோம். கோழி வேகும், அதன் கிருமி சாகும். வெள்ளரிக்காய் வேகாது. கோழியில் காணப்படும் கேம்பைலோபாக்டர் என்னும் கிருமிக்குச் சில நூறு இருந்தாலே போதும், ஆளைப் படுக்க வைத்துவிடும். இரண்டு பலகை வாங்க வசதியில்லையென்றால் வரிசையை மாற்றினால் போதும். பச்சையாகத் தின்பதை முதலில் நறுக்கி எடுத்து மூடிவைத்துவிடுங்கள். கோழியும் மீனும் கடைசி. பிறகு பலகையையும் கத்தியையும் கையையும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். கோழியைக் குழாயடியில் பிடித்து நீர் தெறிக்கக் கழுவுவதையும் விட வேண்டும். தெறிக்கும் துளிகள் பக்கத்திலுள்ள தட்டு, கரண்டி எல்லாவற்றிலும் விழுகின்றன. கழுவாமல் குழம்பு வைக்க நம்மவர்களுக்கு மனம் ஒப்பாது என்பது நமக்குத் தெரியும். கழுவத்தான் வேண்டுமென்றால் ஒரு சட்டித் தண்ணீருக்குள் அமிழ்த்தி மெதுவாக அலசி, அந்தத் தண்ணீரைத் தெறிக்காமல் கொட்டிவிட்டு, இடத்தைத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். எலும்பருகே இரத்தம் தெரிகிற கோழி வேகாத கோழி. மீண்டும் அடுப்பில் ஏற்றுங்கள்.

இடையில் பல்லியைப் பற்றி ஒரு வார்த்தை. பல்லி விழுந்த சோறு விஷம் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். நம் வீட்டுப் பல்லிக்கு விஷம் கிடையாது. ஆனாலும் பாட்டிமார் சொன்னதில் காரியம் இருக்கிறது. பல்லியின் எச்சத்தில் சால்மொனெல்லா இருக்கக்கூடும். ஆறிப்போன குழம்பைத் திறந்து போட்டால், மேலே மோட்டில் ஓடுகிற பல்லியின் எச்சம் அதில் விழலாம். ஈயும் கரப்பானும் செய்கிற வேலையும் இதுதான். மூடி வைப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

சமைக்கிற கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மரம் சீவும் கத்தியால் விரலில் கீறல் படுவது நமக்குப் புதிதல்ல. முள் குத்தி, சீழ் கோத்த விரலோடு மாவு பிசைவதும், வடை தட்டுவதும் நடக்கிறது. அந்தச் சீழில் இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்னும் கிருமி உணவில் விழுந்து பெருகினால் அதுவும் ஒரு நஞ்சைக் கக்கும். சூட்டுக்கு அந்த நஞ்சும் அஞ்சாது. சாப்பிட்டுச் சில மணி நேரத்துக்குள் வாந்தி பிய்த்துக்கொண்டு வரும். கையில் புண் இருக்கிறவர் அந்தப் பூசைக்கு விறகு பார்க்கட்டும், இலை போடட்டும். சமையல் வேண்டாம். பேதி கண்டவரும் அப்படியே. சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா என்னும் கிருமி நூற்றுக்கும் குறைவாக இருந்தாலே நோய் தரும். நன்கு கழுவாத ஒரு விரல் நுனியே அதற்குப் போதும்.

தண்ணீரைப் பற்றி ஒன்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். கிணற்று நீர், ஆற்று நீர், மழை நீர் எதுவானாலும் கொதிக்கவைத்தே குடியுங்கள். ஐஸ் கட்டியாக உறைந்துவிட்டால் கிருமி செத்துவிடும் என்று எண்ண வேண்டாம். அது உள்ளே உறங்கும், அவ்வளவுதான். அதோடு, சுத்தம் சுத்தம் என்று தாய்மார்களுக்கு மட்டும் உபதேசம் செய்வது நமக்குச் சம்மதமில்லை. குழாயில் தண்ணீர் வராத வீட்டில் பலகையை எப்படித் தேய்த்துக் கழுவுவது? தீபகற்ப மலேசியத் தோட்டங்களில் குடியிருக்கும் தொழிலாளருக்குப் போதுமான குழாய்த் தண்ணீர் தருவது முதலாளியின் கடமை என்று 1990 ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் சொல்கிறது. குறை இருந்தால் நிர்வாகத்திடமும் தொழிலாளர் இலாகாவிடமும் கேட்பது உரிமையே தவிர, சலுகை கேட்பது ஆகாது.

இனி பாட்டியிடம் வருவோம். ஆறு பேரில் அவரை மட்டும் ஏன் தள்ளியது?

நம் இரைப்பையில் ஒரு புளிப்பு நீர் சுரக்கிறது. அமிலம் என்பார்கள். உணவோடு உள்ளே போகும் பாக்டீரியாவில் பெரும்பகுதியை அது அங்கேயே கொன்றுவிடும். பலருக்கு வயது ஏற ஏற அதன் சுரப்பும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் குறைகின்றன. அத்தோடு நம் பாட்டிக்கு "கேஸ்ட்ரிக்" தொல்லையும் இருக்கிறது. அதற்காகத் தினமும் காலையில் ஒமெப்ரசோல் போன்ற ஒரு மாத்திரை விழுங்குகிறார். அந்த மாத்திரை செய்கிற வேலையே அமிலத்தைக் குறைப்பதுதான். நெஞ்செரிச்சல் அடங்குகிறது. ஆனால் வாசற்காவலும் தளர்ந்துவிடுகிறது. இத்தகைய மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர் போன்றவற்றால் நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதைக் கேட்டுவிட்டு மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். வயிற்றுப் புண்ணுக்கும் இரத்தக் கசிவுக்கும் அது தேவையான மருந்து. "இதை இன்னும் எத்தனை நாள் சாப்பிட வேண்டும்?" என்று டாக்டரைக் கேளுங்கள். பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்த மாத்திரையை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவதை மட்டும் உடனே நிறுத்துங்கள்.

இனிப்புநீர் உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், இவர்களெல்லாரும் பாட்டியின் வரிசையில்தான் நிற்கிறார்கள். உடம்பு தேறட்டும் என்று இவர்களுக்கு அரை வேக்காட்டு முட்டை கொடுப்பது நம்மிடையே ஒரு வழக்கம். முழுதும் வெந்த முட்டையிலும் அதே சத்துதான் இருக்கிறது. வெந்நீரில் ஒரு முக்கு முக்கி எடுத்த கெராங் சிப்பியும் இவர்களுக்கு ஆகாது.

கைக்குழந்தையைப் பற்றித் தனியே கவலைப்பட வேண்டும். நச்சுணவாலும் அசுத்த உணவாலும் உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 இலட்சத்து 20 ஆயிரம் பேர் இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் 2015 இல் கணக்கிட்டது. அவர்களில் 1 இலட்சத்து 25 ஆயிரம் பேர் 5 வயது நிரம்பாத பிள்ளைகள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. புட்டிப்பால் என்றால், மாவில் கூடக் கிருமி இருக்கக்கூடும் என்பதை மறக்க வேண்டாம். கொதித்து இறக்கிய சுடுநீரிலேயே, அதாவது 70 பாகைக்குக் குறையாத சூட்டில், மாவைக் கரைத்து, பிறகு ஆற்றிக் கொடுக்க வேண்டும். விடியற்காலையில் கலக்கிய புட்டியை ஆயாவிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய், அதையே 9 மணிக்கும் 10 மணிக்கும் புகட்டச் சொல்வது கூடாது. மாவை அளந்து தனியாகவும், வெந்நீரைச் சூடு காக்கும் குப்பியில் தனியாகவும் கொடுத்து, வேண்டும்போது கலக்கச் சொல்லுங்கள். குடித்து மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். பால்மாவின் விலை நமக்கும் தெரியும். ஆகையால் குறைவாகவே கலக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்தும் நோய் வந்துவிட்டால், உடம்பில் நீர் வற்றாமல் காப்பதே முதல் வேலை. கிளினிக்கில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை அதில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கையில் பொட்டலம் இல்லையென்றால், கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சீனியும், தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் போட்டுக் கலக்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள். உப்பு கூடிவிடக் கூடாது. மலத்தில் இரத்தம், அடங்காத காய்ச்சல், குழிவிழுந்த கண், மணிக்கணக்கில் சிறுநீர் இல்லாமை, குழந்தை துவண்டு கிடப்பது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் காத்திருக்க வேண்டாம். பேதியை நிறுத்தும் மாத்திரையைக் கடையில் வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

டாக்டர் கேட்கும்போது கடைசியாகச் சாப்பிட்டதை மட்டும் சொல்லாதீர்கள். சில கிருமிகள் சில மணி நேரத்தில் வேலையைக் காட்டும். கேம்பைலோபாக்டர் 2 முதல் 5 நாள்கூட எடுத்துக்கொள்ளும். டைபாய்டு 1 வாரத்திலிருந்து 3 வாரம் வரை ஆகலாம். நேற்றுப் பசார் மாலாமில் வாங்கிய மீ கோரேங்கின்மேல் பழியைப் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக் கோழியை மறந்துவிடுகிறோம். மூன்று நான்கு நாள் சாப்பாட்டை நினைவுபடுத்திச் சொல்லுங்கள். பாட்டி விழுங்கும் மாத்திரைகளையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். விருந்துச் சாப்பாட்டில் பலர் நோயுற்றால், மிச்சத்தைக் கொட்டிக் கழுவிவிடாமல், ஒரு டப்பாவில் மூடி, "தொடாதே" என்று எழுதிக் குளிர்ப்பெட்டியில் தனியே வையுங்கள். நச்சுணவு, சட்டப்படி மருத்துவர் அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று. சுகாதார அதிகாரிகள் வந்து கேட்கும்போது, சமைத்தவரைக் காட்டிக்கொடுப்பதாக நினைத்து யாரும் ஒளிக்க வேண்டியதில்லை. அந்த டப்பாவில் இருப்பது என்ன கிருமி என்று தெரிந்தால், அடுத்த லயத்தில் அதே சாப்பாட்டை உண்டவர்களை அவர்கள் நேரத்தோடு தேடிப் போக முடியும்.